சுண்டெலியின் மூளையும் தொண்ணூறு நாள் கணக்கும்

மனித மூளை இழையத்தை எலியின் மூளைக்குள் நட்டு வளர்த்துவிட்டார்கள் என்ற செய்தி சில ஆண்டுகளாக எமது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிலர் அதைக் கலிகாலம் என்கிறார்கள். வேறு சிலர் பாரிசவாதத்துக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் மருந்து கண்டுபிடித்தாயிற்று என்கிறார்கள். இந்த இரண்டாவது தரப்பினரைத் தேடி இப்போது விலைப்பட்டியல்களும் வரத் தொடங்கியுள்ளன. அப்படி ஒரு விலைப்பட்டியல் எமது கைக்கு வந்தபடியால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

நாம் படித்தது வணிகம். உயிரியலில் க.பொ.த. சாதாரண தரத்தோடு நின்றவர்கள். ஆனால் முப்பது வருடமாகக் கணக்குப் புத்தகங்களோடு வாழ்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: எந்தப் பட்டியலிலும் எழுதப்பட்டிருப்பதை விட எழுதப்படாமல் விடப்பட்டதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

செய்தியில் உள்ளது என்ன?

முதலில் செய்தியையே சரியாக வாசிப்போம். 2022 ஒக்ரோபரில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செர்ஜியு பாஷ்கா என்பவரின் குழு 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. மனிதரின் தோல் போன்ற சாதாரண கலங்களை எடுத்து, அவற்றைத் தண்டுக்கலங்களாக (நாம் ஸ்டெம் செல் என்று சொல்வது) பின்னோக்கி மாற்றி, அவற்றிலிருந்து சில மில்லிமீற்றர் அளவான மூளை இழைய உருண்டைகளை ஆய்வுகூடத்தில் வளர்த்தார்கள். பின்னர் அவற்றைப் பிறந்து சில நாளேயான எலிக்குட்டிகளின் மூளையில், தொடுகையை உணரும் பகுதியில் நட்டார்கள். அந்த இழையம் எலியின் ஒரு பக்க மூளையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை நிரப்பும் அளவுக்கு வளர்ந்தது. எலியின் மீசை மயிரைத் தடவியபோது மனித நரம்புக்கலங்கள் துடித்தன. ஒளியால் அந்தக் கலங்களைத் தூண்டியபோது தண்ணீர்க் குழாயை நக்க வேண்டும் என்றும் எலிக்குப் பழக்கினார்கள்.

சுண்டெலியில் இந்த வேலை அதற்கு முன்னரே நடந்திருக்கிறது. கலிபோர்னியாவின் சோல்க் நிறுவனத்தில் பிரெட் கேஜ் என்பவரின் குழு 2018 இல் இப்படியான உருண்டைகளை வளர்ந்த சுண்டெலிகளின் மூளையில் நட்டது. சுண்டெலியின் இரத்தக் குழாய்கள் அந்த இழையத்துக்குள் ஓடின. ஏழு மாதத்துக்கு மேலும் அது உயிரோடு இருந்தது.

யாழ்ப்பாணத்தில் கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கட்டியவர்களுக்கு இது விளங்கும். ஒட்டுக்கிளை இரண்டு கிழமை பச்சையாக நின்றதும் பிடித்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. வெட்டு முகங்கள் பொருந்தி, அடிமரத்தின் சாறு மேலே ஏறி, புதுத்தளிர் விட்டால்தான் ஒட்டுப் பிடித்ததாகக் கணக்கு. மூளையிலும் உயிரோடு இருப்பது ஒன்று, தொடர்பு பிடிப்பது வேறொன்று. விஞ்ஞானிகள் சுண்டெலியில் தேடுவது இந்த இரண்டாவதைத்தான்.

தொடர்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

நட்ட கலம் எந்தக் கலத்தோடு பேசுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு அவர்கள் கையாளும் வழி வியப்பானது. விசர்நாய்க்கடி நோயின் வைரசு கடிவாயிலிருந்து நரம்பு வழியாக, ஒரு கலத்திலிருந்து அதற்கு முந்திய கலத்துக்கு என்று பின்னோக்கி ஏறி மூளையை அடைகிறது. அந்த வைரசின் ஒரு மரபணுவை நீக்கி, ஒரே ஒரு படி மாத்திரம் ஏறக்கூடியதாக மாற்றி, ஒளிரும் நிறமும் சேர்த்து, நட்ட கலங்களுக்குள் விடுகிறார்கள். அந்தக் கலங்களுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும் கலங்கள் மட்டும் ஒளிரும். ஒரு பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு அனுமதி கொடுத்த கையெழுத்துக்காரரைத் தேடிப் பிடிக்கும் கணக்காய்வு போன்றது இது.

2016 இல் ஜேர்மனியின் மியூனிக் விஞ்ஞானிகள் இந்த வழியைப் பயன்படுத்தினார்கள். வளர்ந்த சுண்டெலியின் பார்வைப் பகுதியில் சில நரம்புக்கலங்களை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சுண்டெலிக் கருவிலிருந்து எடுத்த இளங்கலங்களை நட்டார்கள். வாரக்கணக்கில் அவை முதிர்ந்தன. மூளையின் எந்தெந்தப் பகுதிகளிலிருந்து பழைய கலங்களுக்குத் தொடர்பு வந்ததோ, அதே பகுதிகளிலிருந்துதான் புதியவற்றுக்கும் வந்தது. கண்ணுக்குக் காட்டிய கோடுகளுக்கு அவை பழைய கலங்களைப் போலவே பதில் கொடுத்தன. வளர்ந்த மூளை புதியவரை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு இது வலுவான சான்று.

ஆனால் மூன்று விடயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, அங்கே அழித்தது சில கலங்களை. பாரிசவாதத்தில் இறப்பது ஒரு பகுதி முழுவதும், அதற்கான இரத்த ஓட்டத்தோடு சேர்த்து. இரண்டு, மனிதக் கலங்கள் சுண்டெலிக்குள் போனாலும் மனித வேகத்திலேயே முதிர்கின்றன. வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில். மூன்று, ஸ்ரான்போர்ட் எலிகள் நோயெதிர்ப்பு குன்றிய இனம். அதனால்தான் அந்நிய இழையத்தை அவை தள்ளிவிடவில்லை. ஆய்வின் நோக்கமும் எலியைக் குணப்படுத்துவதன்று. ரிமதி நோய்க்குறி என்ற அரிய பிறவிக் கோளாறு உள்ளவர்களின் கலங்களையும் அவர்கள் நட்டுப் பார்த்தார்கள். அக்கலங்களின் கிளைகள் வேறுவிதமாக வளர்ந்ததைக் கண்டார்கள். நோய் எங்கே தொடங்குகிறது என்று அறிவதற்கான கருவி அது.

எலிக்கு மனித மனம் வந்துவிடுமா என்று கேட்பவர்களும் உள்ளனர். 2021 இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டன. இன்றைய நிலையில் அப்படி அஞ்சுவதற்கு ஆதாரம் இல்லை, எனினும் ஆய்வு முன்னேற முன்னேறத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். எமது கவலை அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது.

நூற்றாண்டு கடந்த கணக்கு

இந்த முயற்சி நேற்றுத் தொடங்கியதல்ல. 1890 இலேயே நியூயோர்க்கில் தொம்சன் என்ற மருத்துவர் பூனையின் மூளைத் துண்டை நாயின் மூளையில் வைத்துப் பார்த்தார். 1971 இல் இந்திய வம்சாவளியினரான கோபால் தாஸ், ஜோசப் அல்ற்மனுடன் சேர்ந்து, இளம் எலிகளின் சிறுமூளையில் நட்ட கலங்கள் பிழைப்பதைக் காட்டினார். வளர்ந்த எலியின் மூளையிலும் புதிய நரம்புக்கலங்கள் பிறக்கின்றன என்று 1965 இல் சொன்னவர்களும் இவர்கள் இருவரே. அதை நெடுங்காலம் பலர் நம்பவில்லை.

1980களின் பிற்பகுதியில் சுவீடனின் லுண்ட் நகரில் பார்க்கின்சன் நோயாளருக்குக் கரு மூளை இழையம் வைக்கப்பட்டது. சிலர் நன்றாகத் தேறினார்கள். உலகமே நம்பிக்கை கொண்டது. அதன்பின் அமெரிக்காவின் கொலராடோவில் முறையாக அளந்து பார்த்தார்கள். 40 நோயாளர்; 20 பேருக்கு உண்மையான மாற்று, மற்ற 20 பேருக்கு மண்டையோட்டில் துளை மட்டும். யாருக்கு எது என்று நோயாளருக்குத் தெரியாது. 2001 இல் முடிவு வெளியானது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது, நோயாளர் தாமே உணர்ந்த நன்மையில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பின்னர் மாற்றுப் பெற்றவர்களில் ஏறத்தாழ 15 வீதமானோருக்குக் கட்டுப்படுத்த முடியாத உடல் அசைவுகள் வந்தன. 2008 இல் இன்னொன்றும் தெரிந்தது: பத்தாண்டுக்கு மேல் உயிரோடிருந்த நட்ட கலங்களுக்குள்ளேயே பார்க்கின்சன் நோயின் அடையாளங்கள் தோன்றியிருந்தன.

அந்தத் தோல்விகளை மறைக்காமல் எழுதி வைத்ததால்தான் இன்று முன்னேற்றம் வந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் இரண்டு முடிவுகள் வெளியாகின. யப்பானின் கியோட்டோவில் 7 பேர். வட அமெரிக்காவில் 12 பேர். தண்டுக்கலங்களிலிருந்து வளர்த்த நரம்புக்கலங்கள் மூளைக்குள் வைக்கப்பட்டன. பாரதூரமான பாதிப்பு எதுவும் சிகிச்சையால் வரவில்லை, கலங்கள் பிழைத்தன, சிலருக்கு நடுக்கமும் விறைப்பும் குறைந்தன. இரண்டும் சேர்த்து 19 பேர். இன்னும் பெரிய சோதனை தேவை என்று எழுதியவர்களே சொல்கிறார்கள்.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்புக்குப் பிறகு விஞ்ஞானம் 19 பேரைப் பற்றி இவ்வளவு நிதானமாகப் பேசுகிறது. எமக்கு வந்த விலைப்பட்டியலோ "85 வீதம் முன்னேற்றம்" என்று பேசியது.

அந்த விலைப்பட்டியல்

சார்ஜாவில் சாரதியாக இருந்த ஓர் அண்ணன்; வவுனியாப் பக்கம். வயது 48. ஒரு காலை தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. அறையில் இருந்தவர்கள் வெயில் மயக்கம் என்று நினைத்துப் படுக்க வைத்தார்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது மாலையாகிவிட்டது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் போய்விட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

அதன்பின் ஓடத் தொடங்கியது வேறொரு கடிகாரம். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021 ஆம் ஆண்டுத் தொழிற் சட்டப்படி நோய் விடுப்பு ஆண்டுக்கு 90 நாள்: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் அரைச் சம்பளம், மீதி 45 நாள் சம்பளம் இல்லை. அது முடிந்தும் வேலைக்குத் திரும்ப முடியாவிட்டால் முதலாளி வேலையை முடித்துக்கொள்ளலாம். கட்டாரில் பன்னிரண்டு கிழமை. சவூதியில் 120 நாள். வேலை போனால் விசா போகும். விசா போனால் காப்புறுதியும் போகும்.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கும் எமது உறவுகளுக்கு இது இலகுவில் விளங்காது. அமீரகம் 1951 ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இணையாத நாடு. போரால் துரத்தப்பட்டு இங்கு வந்தவர்களும் சட்டத்தின் கண்ணில் வேலை விசாக்காரர் மாத்திரமே. உடல் விழுந்தால் வீடு திரும்ப வேண்டும், வீடு இருக்கிறதோ இல்லையோ.

அந்தத் தொண்ணூறு நாளுக்குள்தான் கைபேசியில் அந்த விளம்பரம் வந்தது. வேறொரு நாட்டில் ஒரு சிகிச்சை நிலையம். "தண்டுக்கல ஊசி, மூளை நரம்புகள் மீண்டும் இணையும்" என்று தமிழிலேயே எழுதியிருந்தார்கள். பச்சையாக ஒளிரும் எலி மூளைப் படம் ஒன்றும் போட்டிருந்தார்கள். ஊசி ஒன்றுக்கு 27,500 திர்ஹம்; மூன்று ஊசி பரிந்துரை. மொத்தம் 82,500.

இப்போது எதிர்ப்பக்கத்தை எழுதுவோம். அண்ணனின் அடிப்படைச் சம்பளம் 2,400 திர்ஹம், அதாவது நாளுக்கு 80. சேவை 14 வருடம். கிராஜுவிட்டி என்று நாம் சொல்லும் சேவைமுடிவுப் பணம் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் வீதம் 105 நாள். அடுத்த ஒன்பது வருடத்துக்கு 30 நாள் வீதம் 270 நாள். மொத்தம் 375 நாள், 30,000 திர்ஹம். பதினாலு வருட வெளிநாட்டு வாழ்க்கையின் மீதி அது. ஒரு ஊசிக்கும் விமானச் சீட்டுக்கும் அது சரியாகப் போகும். மற்ற இரண்டுக்கும் காணி உறுதி.

எம்மிடம் வந்து கேட்கும்போது முதல் ஊசிக்குக் காசு கட்டியாகிவிட்டது. அக்காவைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. நாமும் ஒரு காலத்தில் தாலிக்கொடியை விற்று ஏஜென்சிக்காரனிடம் கொடுத்துவிட்டு, கொழும்பு லொட்ஜில் மாதக்கணக்காகக் காத்திருந்தவர்கள்தானே. அவனும் படம் காட்டினான். யாரோ போய்ச் சேர்ந்த கதை சொன்னான். இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும் என்றான். வழியில்லாதவனிடம் வழியை விற்பதுதான் அந்தத் தொழில். பொருள் மாறியிருக்கிறது, முறை மாறவில்லை.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

இரண்டாவது ஊசிக்கு முன் அந்த நிலையத்துக்கு நான்கு கேள்விகளை எழுதி அனுப்பினோம். அவற்றை இங்கே தருகிறோம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

முதலாவது: இது பதிவு செய்யப்பட்ட மருத்துவச் சோதனையா? அப்படியானால் பதிவிலக்கம் என்ன? உண்மையான சோதனைக்குப் பகிரங்கப் பதிவு இருக்கும். சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளரிடம் பொதுவாகக் காசு வாங்குவதில்லை.

இரண்டாவது: யாருடைய கலம், எந்த வகைக் கலம், எங்கே தயாரித்தது? "தண்டுக்கலம்" என்பது ஒரு பொருளின் பெயரன்று. "உலோகம்" என்று சொல்லிப் பொன்னின் விலை வாங்குவது போன்றது அது. கியோட்டோவில் மூளைக்குள் குறித்த இடத்தில், நரம்புக்கலமாக மாறத் தயாரான கலங்களை வைத்தார்கள். கையிலோ முதுகிலோ போடும் ஊசிக்கும் அதற்கும் பெயரில்தான் ஒற்றுமை.

மூன்றாவது: மனிதரில், ஒப்பீட்டுக் குழுவோடு, வெளியான முடிவு எங்கே? எலியில் வந்த முடிவு இதற்குப் பதிலாகாது.

நான்காவது: தீங்கு வந்தால் யார் பொறுப்பு, எத்தனை வருடம் கண்காணிப்பீர்கள்? இது வெறும் பயம் காட்டலல்ல. இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு மொஸ்கோவில் கரு நரம்புத் தண்டுக்கலங்கள் செலுத்தப்பட்டன. நான்கு வருடத்தின் பின் அவனது மூளையிலும் முள்ளந்தண்டிலும் கட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவை அவனுடைய கலங்களல்ல, கொடையாளிகளுடையவை என்று 2009 இல் மருத்துவர்கள் நிறுவினார்கள்.

எமது நான்கு கேள்விகளுக்கும் பதில் வரவில்லை. வங்கிக் கணக்கிலக்கம் மட்டும் மறுபடி வந்தது.

சட்டமும் நாமும்

வளைகுடா நாடுகள் விஞ்ஞானத்தில் பின்தங்கியவை என்று யாரும் எண்ண வேண்டாம். நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகத்தில் சுண்டெலிகளின் மூளைச் சுற்றுகளை வைத்து உறக்கத்தையும் மனச்சோர்வையும் ஆராய்கிறார்கள். சவூதியின் துவல் நகரில் 2009 இல் தொடங்கிய மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகத்தில் மூளை தனக்கு வேண்டிய சக்தியை எப்படிப் பெறுகிறது என்ற ஆய்வு நடக்கிறது. அபுதாபி தண்டுக்கல நிலையம் 2020 இல் எலும்பு மச்சை மாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. எலும்பு மச்சை மாற்று என்பது இரத்த நோய்களுக்குப் பல்லாண்டாக நிறுவப்பட்ட சிகிச்சை. மூளைக்கு அத்தகைய நிறுவப்பட்ட தண்டுக்கலச் சிகிச்சை இன்னும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பேரவையின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டலும் இதையே சொல்கிறது: குறிப்பிட்ட இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மாற்றுத் தவிர ஏனைய தண்டுக்கலப் பயன்பாடு யாவும் அனுமதி பெற்ற சோதனைக்குள்தான் நடக்க வேண்டும். சென்னைக்கோ மும்பைக்கோ போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக் கேள்வி கேட்கலாம். மருத்துவரிடம் அனுமதிப்பத்திரம் இருப்பது, அவர் விற்கும் எல்லாவற்றுக்கும் அனுமதி இருப்பதாகாது.

இன்னுமொரு எச்சரிக்கை. இப்படியான சிகிச்சைக்கு அறைக்கு அறை காசு சேர்க்கும் வழக்கம் எம்மிடம் உண்டு. நோக்கம் நல்லது. ஆனால் அமீரகத்தில் அனுமதி பெற்ற அமைப்புகள் தவிர வேறெவரும் நன்கொடை திரட்டுவது 2021 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குழுவில் ஒரு கணக்கிலக்கம் போட்ட பிள்ளையே சிக்கலில் மாட்டக்கூடும். அனுமதி பெற்ற அறநிறுவனம் ஒன்றை அணுகுவதே பாதுகாப்பான வழி.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? மூன்று காரியம், மூன்றும் பெரிய காசு கேட்காதவை. முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் படுக்க வைக்காமல் உடனே 998 ஐ அழைப்பது. இதை ஒவ்வொரு அறைச் சுவரிலும் எழுதி ஒட்டலாம். இரத்த அழுத்தத்தை மாதம் ஒருமுறை பார்ப்பது. 2025 ஜனவரி முதல் வட அமீரகங்களிலும் தனியார் துறைத் தொழிலாளருக்குக் காப்புறுதி கட்டாயமாகிவிட்டது, அந்த அட்டையைப் பணப்பைக்குள் வைத்திருந்து பயனில்லை. பாரிசவாதம் வந்தபின் உடற்பயிற்சி மருத்துவத்தைக் கைவிடாமல் தொடர்வது. விழுந்த கையை நாள்தோறும் அசைக்க வைக்கும்போது, எஞ்சிய மூளை தன் பழைய கலங்களுக்கிடையே புதிய தொடர்புகளைக் கட்டுகிறது. சுண்டெலியில் விஞ்ஞானிகள் தேடும் அந்தத் தொடர்புதான் இதுவும்.

அண்ணன் முதல் ஊசிக்காகப் பயணம் போனபோது அந்தப் பயிற்சி ஐந்து கிழமை நின்றுபோனது. விலைப்பட்டியலில் எழுதப்படாத செலவு அதுதான்.

இரண்டாவது ஊசி போடவில்லை. காணி தப்பியது. இன்று அவர் வவுனியாவில் கோல் ஊன்றி முற்றத்தில் நடக்கிறார். தேநீர்க் கோப்பையை இடக்கையால் பிடிக்கிறார். ஊசியால்தான் என்கிறார் அவர். ஊரில் திரும்பவும் தொடங்கிய பயிற்சியால் என்கிறார் அக்கா. நாம் இருவரோடும் வாதாடப் போகவில்லை. அளந்து எழுதி வைத்தவர் எவரும் இல்லாதபடியால், 27,500 திர்ஹமுக்கு என்ன கிடைத்தது என்று எங்களால் எந்தப் பத்தியிலும் பதிய முடியவில்லை.